நன்றி சொல்ல ஆளில்லாத பணம்

பாரிஸில் பத்து யூரோ கொடுத்து ஒரு சினிமா டிக்கெட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு யூரோ ஏழு சென்ட் படம் எடுத்தவர் கைக்கும் போவதில்லை, கொட்டகைக்காரர் கைக்கும் போவதில்லை. டிக்கெட் விலையில் 10.72 சதவீதம் என்று சட்டம் வரையறுத்திருக்கும் அந்தத் தொகை, சி.என்.சி. என்று அழைக்கப்படும் தேசியத் திரைப்பட மையத்தின் தனிக் கணக்கில் சேர்கிறது. அங்கிருந்து இனிமேல் எடுக்கப்படவிருக்கும் படங்களுக்கும், சிற்றூர்க் கொட்டகைகளின் நாற்காலிகளுக்கும், பழைய படச்சுருள்களைச் செப்பனிடுவதற்கும் பிரிந்து போகிறது. நீங்கள் பார்த்தது பிரெஞ்சுப் படமா, ஹாலிவுட் படமா, மும்பையிலிருந்து வந்த படமா என்று கல்லாப்பெட்டி கேட்பதில்லை. எல்லா டிக்கெட்டும் கட்டுகிறது.

கலைக்குப் பொதுப்பணம் கொடுப்பது என்று பேச்செடுத்தால் நம் மனம் உடனே வள்ளல்களைத் தேடிப் போகும். பரிசில் கொடுத்தவன் பெயரையும் பெற்றவன் பெயரையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே, எந்த வாசலில் போய் நின்றால் கிடைக்கும் என்று வழி சொல்வதற்காக உண்டாயிற்று. அந்த வாசலுக்கு ஒரு விலையும் இருந்தது: வாங்கியவன் பாட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் அரசுகள் பலவும் கலைக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கியபோது, அறிந்தோ அறியாமலோ இந்த வள்ளல் வேடத்தைத்தான் போட்டுக்கொண்டன. அவற்றில் பல நீடிக்கவில்லை. யாருடைய கலை ஆர்வத்தையும் நம்பியிராத, கணக்குப்பிள்ளைத்தனமான இந்த 10.72 சதவீதத்தின் மூலவடிவம் 1948இல் 'தற்காலிகம்' என்ற பெயரோடு பிறந்து இன்னும் உயிரோடு இருக்கிறது. ஏன் என்று யோசிப்பது பயனுள்ளது.

கேளிக்கை மீது வரி போடுவது பிரான்சுக்குப் புதிதல்ல. 1699இல் பதினான்காம் லூயி, பாரிஸ் நாடக அரங்குகளின் வசூலோடு ஆறில் ஒரு பங்கைக் கூடுதலாக வாங்கி ஏழைகளைப் பராமரிக்கும் பொது மருத்துவமனைக்குக் கொடுக்க ஆணையிட்டார். நாடகம் பார்க்க வசதியுள்ளவன் பட்டினி கிடப்பவனுக்குக் கொஞ்சம் கொடுக்கட்டும் என்ற கணக்கு. கூத்துப் பார்ப்பது பாதிப் பாவம், அதற்குப் பரிகாரம் வேண்டும் என்ற எண்ணமும் அதற்குள் ஒளிந்திருந்தது. 'ஏழைகளின் உரிமை' என்று பெயர் பெற்ற அந்த வரி சினிமாக் காலம்வரை வந்தது. நம் சென்னை மாகாணம் 1939இல் கேளிக்கை வரிச் சட்டம் போட்டபோதும் அடிப்படை எண்ணம் இதுதான்: மக்கள் விரும்பிப் போகிற இடத்தில் வாசலில் நின்றால் காசு கிடைக்கும். அந்தக் காசு அரங்குக்கே திரும்பி வர வேண்டும் என்று நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை.

பிரான்சில் கேட்ட முதல் ஆட்களில் ஒருவர் ழான் ஸே. 1936இல் முப்பத்தொரு வயதில் கல்வி, நுண்கலை அமைச்சரானவர். சினிமாத் தொழிலை ஒழுங்குபடுத்த 1939 மார்ச்சில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். கான் திரைப்பட விழா அவர் போட்ட திட்டம். 1939 செப்டம்பர் 1 அன்று தொடங்க வேண்டியது. அன்று ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. விழா நின்றது, மசோதா கிடப்பில் போனது. 1944 ஜூனில், ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் துணைப்படையினர் ழான் ஸேயைச் சிறையிலிருந்து கூட்டிப்போய்க் காட்டுக்குள் சுட்டுக் கொன்றார்கள்.

அவர் செய்ய நினைத்ததில் ஒரு பகுதியைச் செய்தது அவரைக் கொன்ற ஆட்சியேதான் என்பது வரலாற்றின் கசப்பு. 1940இல் விஷி அரசு திரைத்தொழிலுக்கு ஓர் அமைப்புக் குழுவை உண்டாக்கியது. தொழிலில் இருப்பவர்களுக்கு அடையாள அட்டை, கொட்டகை வசூலுக்கு ஒழுங்கான கணக்கு எல்லாம் வந்தன. அதே ஆண்டின் சட்டம் யூதர்களைத் திரைத்தொழிலிலிருந்து விரட்டியது. விடுதலைக்குப் பிறகு வந்த குடியரசு ஆட்களை மாற்றியது, பெயரை மாற்றியது, நோக்கத்தை மாற்றியது. கணக்கு எழுதும் முறையை மட்டும் வைத்துக்கொண்டது. 1946 அக்டோபரில் சி.என்.சி. பிறந்தபோது அதன் மேசையில் இருந்த பேரேடு பழைய ஆட்சியின் பேரேடு. இதைச் சொல்ல பிரெஞ்சுக்காரர்களுக்கே கொஞ்சம் கூச்சம்.

அப்போது கஜானா காலி. முதிய சோஷலிஸ்ட் லெயோன் ப்ளூம் வாஷிங்டனுக்குப் போய், 1946 மே மாதம் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பைர்ன்ஸுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். போர்க்காலக் கடன் தள்ளுபடியானது, புதுக் கடன் கிடைத்தது. கூடவே சினிமாவைப் பற்றி ஒரு பகுதி: மூன்று மாதத்தில் நான்கு வாரம் மட்டும் கொட்டகைகள் பிரெஞ்சுப் படம் ஓட்டினால் போதும், மீதி வாரங்களில் யார் படமும் ஓடலாம். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் வராமல் தேங்கியிருந்த அமெரிக்கப் படங்கள் மடை திறந்ததுபோல் வந்தன. அவை உள்நாட்டில் ஏற்கெனவே போட்ட முதலை எடுத்துவிட்டவை. வந்த விலைக்கு விற்கலாம்.

இதை எதிர்த்து 1948 ஜனவரியில் பாரிஸ் தெருவில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். நட்சத்திரங்கள் ழான் மரேயும் சிமோன் சிக்னோரேயும் முன்வரிசையில் நடந்தார்கள். விளக்குப் பிடிப்பவர்களும் தையற்காரர்களும் பின்னால். செப்டம்பரில் ஒப்பந்தம் திருத்தப்பட்டது; நான்கு வாரம் ஐந்து வாரமானது; டப்பிங் செய்து வரும் அமெரிக்கப் படங்களுக்கு ஆண்டுக்கு 121 என்று வரம்பு வந்தது. இவற்றைவிடப் பெரிய காரியம் அதே மாதம் 23ஆம் தேதி நாடாளுமன்றத்தில் நடந்தது. திரைத்தொழிலுக்குத் தற்காலிக உதவிச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. உதவிக்கான பணம் அரசு பட்ஜெட்டிலிருந்து வராது, டிக்கெட்டின் மீது கூடுதலாகப் போடும் வரியிலிருந்து வரும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பிரெஞ்சுப் படம் ஓடினால், விற்ற டிக்கெட்டுகளின் அளவுக்கு ஏற்ப அதன் தயாரிப்பாளர் பெயரில் ஒரு தொகை வரவு வைக்கப்படும். அதை அவர் எடுத்து வீடு கட்ட முடியாது, பழைய கடனைத் தாராளமாக அடைக்கவும் முடியாது. அடுத்த படத்தில் முதலாகப் போட்டால்தான் அந்தப் பணம் வெளியே வரும். கொட்டகைக்காரருக்கும் ஒரு கணக்கு; கூரை மாற்றவும் ஒலிக்கருவி வாங்கவும் மட்டும். அமெரிக்கப் படத்தின் டிக்கெட்டும் வரி கட்டும், ஆனால் அதன் தயாரிப்பாளருக்கு வரவு கிடையாது. ஆக, ஹாலிவுட் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவுக்கு பிரெஞ்சுப் படங்களுக்கான பணம் கூடும். எதிரியின் குதிரை ஓட ஓட நம் செக்கு சுற்றுகிறது. அமெரிக்கர்களைத் தடுக்கவும் இல்லை, வரியில் பாரபட்சம் என்று அவர்கள் புகார் சொல்லவும் இடமில்லை. ஐந்து வாரம், 121 படம் என்பதெல்லாம் காலப்போக்கில் யாருக்கும் நினைவில்லாமல் போயின. இது நிலைத்தது.

இதில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. ஏற்கெனவே படம் எடுத்தவருக்குத்தான் கணக்கு உண்டு. முதல் படம் எடுக்க வருகிறவனுக்கு வரவே கிடையாது. உள்ளவனுக்கே மேலும் கொடுக்கும் முறை. அதனால் 1950களில் தரத்துக்கான ஊக்கத்தொகை என்று ஒன்றைச் சேர்த்தார்கள். முதலில் குறும்படங்களுக்கு, பிறகு முழுநீளப் படங்களுக்கு. க்ளோத் ஷப்ரோல் தன் மனைவிக்கு வந்த பரம்பரைச் சொத்தை வைத்துக்கொண்டு 'லெ போ செர்ஜ்' என்ற முதல் படத்தைத் தன் சிறுவயது கிராமத்தில் எடுத்தார். அதற்கு இந்த ஊக்கத்தொகை கிடைத்தது; இரண்டாவது படம் அதில் பிறந்தது. பிரெஞ்சுப் புதிய அலையைப் பற்றி எழுதுகிறவர்கள் கையில் தூக்கிய கேமராவையும் தெருவெளிச்சத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அந்த அலைக்குப் பின்னால் ஒரு வரிச்சட்டத்தின் உட்பிரிவும் இருந்தது என்பதை யாரும் ரசித்து எழுதியதாக நான் பார்த்ததில்லை.

1959இல் கலாச்சாரத்துக்கென்று தனி அமைச்சகம் வந்தது. நாவலாசிரியர் ஆந்த்ரே மால்ரோ அமைச்சர். சி.என்.சி. தொழில்துறையிலிருந்து அவரிடம் மாறியது. திரைக்கதையைக் குழு ஒன்று படித்துப் பார்த்து வசூலுக்கு முன்பணம் தரும் திட்டம் அவர் காலத்தது. படம் ஓடினால் திருப்பிக் கட்ட வேண்டும். பெரும்பாலானவை முழுதாகத் திரும்பி வருவதில்லை. வராது என்று தெரிந்துதான் கொடுக்கிறார்கள்.

ஆக இரண்டு வாசல்கள் உண்டாயின. ஒன்றில் ஆளே இல்லை, எண் மட்டும்தான். மற்றொன்றில் மனிதர்கள் உட்கார்ந்து படித்து, பிடித்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். இந்த இரண்டாம் வாசல் வந்தவுடன் வள்ளல் திரும்பி வந்துவிட்டார். 1966இல் ழாக் ரிவெத் எடுத்த 'கன்னியாஸ்திரீ' படத்தைத் தணிக்கைக் குழு அனுமதித்த பிறகும் தகவல் துறை இணையமைச்சர் தடைசெய்தார். அதே அரசின் கலாச்சார அமைச்சர் அதைக் கான் விழாவுக்கு அனுப்பத் தடை சொல்லவில்லை. ஒரு கை தடுக்க, மறு கை வழிவிட்டது. 1968 பிப்ரவரியில் சினிமாத்தெக் என்ற படக்காப்பகத்தை உண்டாக்கி வளர்த்த ஆன்ரி லாங்லுவாவை அரசு நீக்கியது. அவர் கணக்கு வழக்கில் ஒழுங்கில்லாதவர், உண்மைதான். ஆனால் ஒரு தலைமுறை இயக்குநர்கள் அவருடைய இருட்டறையில் படித்தவர்கள். த்ரூஃபோவும் கோதாரும் தெருவுக்கு வந்தார்கள், போலீஸ் தடியடி நடத்தியது, சாப்ளின் உட்பட வெளிநாட்டுக் கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஏப்ரலில் லாங்லுவா திரும்ப வந்தார். அரசு தன் மானியத்தைக் குறைத்துக்கொண்டது. ஆளைக் கொடுத்துவிட்டோம், பணத்தைக் கேட்காதே என்பது அதன் பொருள்.

டிக்கெட் வரி என்ற இதே யோசனை இங்கிலாந்திலும் இருந்தது, அங்கே செத்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1950இல் பிரிட்டிஷ் நிதித்துறை அதிகாரி வில்ஃப்ரட் ஈடியின் பெயரால் 'ஈடி வரி' வந்தது. முதலில் திரைத்துறையினர் தாமாக ஏற்றுக்கொண்டது, 1957 முதல் கட்டாயம். டிக்கெட்டில் ஒரு பங்கை எடுத்து பிரிட்டிஷ் படத் தயாரிப்பாளர்களுக்கு வசூல் விகிதப்படி பிரித்துக் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் படம் என்றால் என்ன? பிரிட்டனில் பதிவான நிறுவனம், பெரும்பாலும் பிரிட்டிஷ் தொழிலாளர்கள். அவ்வளவுதான். ஹாலிவுட் நிறுவனங்கள் லண்டனில் கிளை திறந்து உட்கார்ந்தன. வசூல் அதிகமானவருக்கு அதிகம் என்பதால் ஜேம்ஸ் பாண்ட் படங்கள் நன்றாக வாங்கிக்கொண்டன. வாங்கிய பணத்தை அடுத்த பிரிட்டிஷ் படத்தில்தான் போட வேண்டும் என்ற பூட்டு அங்கே இல்லை. அது லாபத்தோடு லாபமாகக் கரைந்தது.

பிறகு கூட்டம் குறைந்தது. 1946இல் பிரிட்டனில் விற்ற டிக்கெட்டுகள் 163 கோடிக்கு மேல்; 1984இல் 5 கோடியே 40 லட்சம். வரி வரும் ஊற்றே வற்றிவிட்டது. சினிமாவைத் தொலைக்காட்சியில்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், அப்படியானால் தொலைக்காட்சியிடமும் வாங்குங்கள் என்று திரைத்துறையினர் கேட்டார்கள். தாட்சர் அரசு 1985இல் ஈடி வரியை எடுத்துவிட்டது. திரைப்பட நிதிக் கழகத்தையும் கூடவே மூடியது.

பிரான்சிலும் கூட்டம் குறையத்தான் செய்தது. 1957இல் 41 கோடி டிக்கெட். 1992இல் 11 கோடியே 60 லட்சம். ஆனால் 1980களின் நடுவில் தொலைக்காட்சி நிறுவனங்களின் வருமானத்தின் மீதும் இதே நிதிக்காக வரி போட்டார்கள். பிறகு வீடியோ கேசட்டின் மீதும். இணையத்தில் படம் காட்டும் நிறுவனங்கள் வந்தன. நெட்ஃபிளிக்ஸும் இப்போது 5.15 சதவீதம் கட்டுகிறது. படம் எங்கே பார்க்கப்படுகிறதோ அங்கே அடுத்த படத்துக்கான காசு என்பது ஒற்றைவரிக் கொள்கை. 2020, 2021இல் கொரோனாவால் கொட்டகைகள் ஏறத்தாழ முந்நூறு நாள் மூடிக்கிடந்தன. டிக்கெட் வரி விழுந்தது. தொலைக்காட்சி வரி நிற்கவில்லை.

ஸ்வீடன் வேறு வழியில் போனது. 1963இல் ஹாரி ஷைன் என்பவர் அரசோடும் திரைத்துறையினரோடும் பேசி ஒரு மாற்று ஏற்பாடு செய்தார். டிக்கெட்டில் இருந்த 25 சதவீதக் கேளிக்கை வரியை அரசு விட்டுக்கொடுக்கும். அதற்குப் பதிலாக 10 சதவீதத்தைக் கொட்டகைகள் புதிதாகத் தொடங்கும் திரைப்படக் கழகத்துக்குத் தரும். அரைநூற்றாண்டு அது ஓடியது. 2017இல் அதை முடித்துவிட்டு நேரடி அரசு நிதிக்கு மாறினார்கள். அந்த மாற்றம் சரியா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு பட்ஜெட்டில் கிடைப்பது இன்னொரு பட்ஜெட்டில் போகும்.

போகும் என்பதற்கு அமெரிக்காவைவிட வேறு சாட்சி வேண்டாம். பெருமந்தத்தின்போது 1935இல் ரூஸ்வெல்ட் அரசு வேலையிழந்த நடிகர்களுக்காகக் கூட்டரசு நாடகத் திட்டத்தைத் தொடங்கியது. ஹாலி ஃப்ளானகன் என்ற பேராசிரியர் தலைமையில் நாடு முழுக்க நாடகங்கள். ஹார்லெமில் கறுப்பின நடிகர்களை மட்டும் வைத்து ஆர்சன் வெல்ஸ் மேடையேற்றிய மக்பெத் அந்தத் திட்டத்தின் குழந்தை. 1938 டிசம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழு ஃப்ளானகனைக் கூண்டில் நிறுத்தியது. அவர் பேச்சில் கிறிஸ்டோபர் மார்லோ பெயர் வந்ததும், அந்த ஆள் கம்யூனிஸ்டா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். மார்லோ ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர், 1593இல் இறந்துபோனவர். ஊர் சிரித்தது. ஆனாலும் 1939 ஜூன் 30 அன்று திட்டத்துக்கான பணத்தை அமெரிக்க காங்கிரஸ் நிறுத்தியது. ஆண்டுக்கு ஒருமுறை கைதூக்கி ஒதுக்கும் பணத்தை ஆண்டுக்கு ஒருமுறை கைதூக்காமல் நிறுத்தலாம்.

இந்த ஆபத்தை பிரிட்டனில் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் உணர்ந்திருந்தார். 1946இல் பிறந்த கலை மன்றம் அவர் வடிவமைத்தது. பணம் அரசுடையது, பங்கிடுவது அரசு அல்லாத ஒரு மன்றம். அமைச்சர் கைநீட்டினால் எட்டாத தூரத்தில் அது இருக்க வேண்டும். நல்ல யோசனைதான். தொகையின் அளவு மட்டும் அமைச்சர் கையிலேயே இருந்தது. மன்றத்தின் அரச சாசனம் வருவதற்குள் கெய்ன்ஸ் இறந்துவிட்டார்.

1993 அக்டோபருக்கு வருவோம். உலக வர்த்தகப் பேச்சுவார்த்தை முட்டி நிற்கும் நேரம். சினிமாவும் தொலைக்காட்சியும் மற்ற சரக்குகளைப் போன்றவை, மானியத்தையும் ஒதுக்கீட்டையும் விலக்குங்கள் என்றது அமெரிக்கா. கலாச்சாரம் விதிவிலக்கு என்றது பிரான்ஸ். அந்த மாதம்தான் பாரிஸ் கொட்டகைகளில் ஸோலாவின் நாவலை வைத்து க்ளோத் பெர்ரி எடுத்த 'ஜெர்மினால்' ஒருபக்கமும் ஸ்பீல்பெர்க்கின் 'ஜுராசிக் பார்க்' மறுபக்கமும் ஓடின. சுரங்கத் தொழிலாளர்களா, டைனோசர்களா என்று பத்திரிகைகள் போர்க்கோலம் பூண்டன. இரண்டுமே பிரான்சில் அறுபது லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றன. அந்த டைனோசர்கள் ஒவ்வொன்றும் டிக்கெட் வரி கட்டிவிட்டுத்தான் திரையில் உறுமின என்பதைத் தலையங்கம் எழுதியவர்கள் அதிகம் சொல்லவில்லை. சொன்னால் போர்க்கோலத்துக்கு அழகில்லை. டிசம்பரில் முடிந்த பேச்சில் ஐரோப்பா சினிமாவைத் திறந்துவிட வாக்குறுதி தரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து யுனெஸ்கோவில் கலாச்சாரப் பன்மை உடன்படிக்கைக்கு 148 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை இரண்டு: அமெரிக்காவும் இஸ்ரேலும்.

எல்லை தாண்டிய திட்டங்களும் இந்தக் காலத்தில்தான் வளர்ந்தன. பல நாட்டுத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து எடுக்கும் படங்களுக்காக ஸ்ட்ராஸ்பர்கில் 1988இல் தொடங்கிய யூரிமாஜ், 1991இல் தொடங்கிய மீடியா திட்டம், அதை உள்ளடக்கி 2014இல் வந்த 'படைப்பாற்றல் ஐரோப்பா'. இந்தக் கடைசித் திட்டத்துக்கு முதல் ஏழாண்டில் 146 கோடி யூரோ, 2021 முதல் 2027 வரை 244 கோடி. ஒரு போர்த்துகீசியப் படம் எஸ்தோனியாவில் திரையிடப்படுவதற்கும், ஒரு ஸ்லோவேனிய நாவல் இன்னொரு மொழிக்குப் போவதற்கும் இதில் பணம் உண்டு. நல்ல காரியம். ஆனால் விண்ணப்பப் படிவங்களின் மொழியைப் பாருங்கள்: வேலைவாய்ப்பு, போட்டித்திறன், வளர்ச்சி. கலை என்ற சொல் கூச்சத்தோடு ஓரமாக நிற்கும். ஏழாண்டுக்கு ஒருமுறை நிதியமைச்சர்கள் முன்னால் போய் நின்று, நாங்களும் பொருளாதாரத்துக்குப் பயன்படுகிறோம் என்று நிரூபிக்க வேண்டிய பணம் இது. நிரூபிக்க வேண்டியவரின் பேச்சு அப்படித்தான் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன் இதையும் விட்டு வெளியேறியது. அங்கிருந்த சிறிய விநியோகஸ்தர்களை அது குறித்து யாரும் கேட்கவில்லை.

டிக்கெட் வரியே சர்வரோக நிவாரணி என்று நான் சொல்ல வரவில்லை. தென்கொரியா 2007 முதல் டிக்கெட்டில் 3 சதவீதம் எடுத்துத் திரைப்பட வளர்ச்சி நிதிக்குக் கொடுத்தது. பிரான்சின் யோசனையேதான். ஆனால் பார்க் கியூன்ஹே ஆட்சியில் அரசுக்குப் பிடிக்காத ஏறத்தாழ பத்தாயிரம் கலைஞர்களின் கறுப்புப் பட்டியல் ஒன்று இருந்தது பின்னால் வெளியே வந்தது. 'பாரசைட்' எடுத்த போங் ஜூன்ஹோவின் பெயரும் அதில் இருந்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்பது பாதிதான். பங்கிடும் அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது மறுபாதி.

பிரான்சின் கணக்கிலும் அழுக்கு உண்டு. 2012 கடைசியில் படத் தயாரிப்பாளரும் விற்பனையாளருமான வின்சென்ட் மராவால் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் உடைத்துச் சொன்னார்: இந்த முறையின் பாதுகாப்பில் நட்சத்திரங்களின் சம்பளம் ஊதிப் பெருத்துவிட்டது, அமெரிக்காவில் கிடைக்காததை இங்கே வாங்குகிறார்கள். திரைத்துறையினர் கொதித்தார்கள். அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. நிதி நிரம்பி வழியும்போது அரசும் எட்டிப் பார்க்கும். 2013 பட்ஜெட்டில் சி.என்.சி.யின் சேமிப்பிலிருந்து 15 கோடி யூரோவை அரசு எடுத்துக்கொண்டது. தனிக் கணக்கு என்பது பூட்டிய பெட்டி; இன்னொரு சாவி நிதியமைச்சரிடம் இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான ஆண்டுகளில் பிரான்சின் டிக்கெட்டுகளில் 35 முதல் 45 சதவீதம் பிரெஞ்சுப் படங்களுக்கு விற்கின்றன. சொந்த மொழிச் சினிமா அந்த அளவுக்கு நின்ற நாடுகள் ஐரோப்பாவில் குறைவு.

அந்தச் சூழலில்தான் 2015இல் 'தீபன்' வந்தது. ழாக் ஓதியார் இயக்கிய பிரெஞ்சுத் தயாரிப்பு. கான் விழாவில் தங்கப்பனை விருது. படத்தின் பேச்சில் பெரும்பகுதி ஈழத்தமிழ். தீபனாக நடித்தவர் பிரான்சில் அகதியாகக் குடியேறிய நம் எழுத்தாளர் ஷோபாசக்தி. தமிழ் பேசும் ஒரு படத்தை எடுக்க பிரெஞ்சுத் தயாரிப்பாளர் துணிந்ததற்கு இயக்குநரின் பெயர் ஒரு காரணம். ஒரு படம் கையைக் கடித்தாலும் அடுத்ததற்கு வழியிருக்கும் என்ற ஏற்பாடு இன்னொரு காரணம் என்பேன்.

நம் கதை வேறு. 2006இல் தமிழக அரசு, தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி இல்லை என்றது. 'சம்திங் சம்திங்' என்று முன்னொட்டோடு வரவிருந்த படம் 'உனக்கும் எனக்கும்' என்று மட்டும் வந்தது. பெயர்ப்பலகைகள் தமிழாயின, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வரிவிலக்கும் மானியமும் ஒன்றுதான் என்று பொருளாதாரம் படித்தவர் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாங்கித் திருப்பிக் கொடுத்த பணத்துக்குக் கணக்கு இருக்கும், அடுத்த படத்தில் போடு என்று நிபந்தனை வைக்கலாம். வாங்காமல் விட்ட பணத்துக்குப் பேரேடே கிடையாது. அது யார் பையில் போனது என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெரியும்: கொடுத்தவர் யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, மேடையில் நன்றி சொல்லவும் ஆள் இருந்தது. ஜி.எஸ்.டி. வந்த பிறகு கேளிக்கை வரி உள்ளாட்சிகளுக்குப் போனது. அதிலிருந்து ஒரே ஒரு சதவீதத்தைப் பிரித்து, ஏற்கெனவே எடுத்தவருக்கு அடுத்த படம், எடுக்காதவருக்கு முதல் படம் என்று இரண்டு கணக்கு திறக்க நம் தயாரிப்பாளர் சங்கங்கள் ஏன் கேட்கக் கூடாது?

2023 மே 27 அன்று கான் மேடையில் தங்கப்பனையை வாங்கிய இயக்குநர் ஜுஸ்தின் த்ரியே, ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்தவர்களை அரசு நசுக்கியதையும், கலையைச் சரக்காக்கி பிரான்சின் கலாச்சார விதிவிலக்கை உடைப்பதையும் கண்டித்துப் பேசினார். கலாச்சார அமைச்சர் ரீமா அப்துல் மலாக் அதிர்ந்துபோனதாக எழுதினார்; பிரான்சின் நிதி ஏற்பாடு இல்லாமல் இந்தப் படமே வந்திருக்காது என்று நினைவூட்டினார். எங்கள் பணத்தில் படம் எடுத்துவிட்டு எங்களையே திட்டுவதா என்று ஆளுங்கட்சிப் பக்கத்திலிருந்து இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். அதைப் படித்தபோது 1699 முதல் பாரிஸ் அரங்குகளின் வாசலில் நின்று காசு கட்டியவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்தப் படம், 'வீழ்ச்சியின் கூறாய்வு', ஆகஸ்ட் 23 அன்று பிரான்சில் திரைக்கு வந்தது. அமைச்சர் டிக்கெட் வாங்கிப் பார்த்திருந்தால் அவரும் 10.72 சதவீதம் கட்டியிருப்பார்.